நான்காவது நிலையத்தின் வடக்கு

3 மே 2007
விருத்தாசலம் வீட்டுக்கு வந்து நான்கு நாள். நெறியாளர் கோதண்டபாணி சாரின் போன் இன்றும். "மூணு நிலையம் ஒத்துப்போவுது, நாலாவது மட்டும் கோணலா நிக்குது. உன் கணக்குலதாம்மா தப்பு. முப்பதாம் தேதிக்குள்ள சரியாகலன்னா அதைத் தூக்கிடு."
தூக்கினால் என் ஆய்வில் என்ன மிஞ்சும்? அந்தமானின் வடக்கே எனக்கு இருப்பது அந்த ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையம்தான்.

5 மே
தங்கை கவிப்ரியா செராமிக் கம்பெனி வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள், "ஒரு நடுக்கத்துக்கு எதுக்குக்கா ரெண்டு அலை?"
நடுக்கத்தில் இரண்டாவதாக வந்து சேரும் எஸ் அலை, அடியிலுள்ள பாறைக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரியும், ஒன்று முந்தும். முந்தும் திசைதான் ஆழத்துப் பாறை எப்படி நகர்ந்தது என்று சொல்லும். அச்சில் தள்ளிய களிமண் நீளவாட்டில் ஒரு மாதிரி, குறுக்கே வேறு மாதிரி சுருங்குகிறதே, அதுபோலத்தான் என்றேன்.
"இதுக்கா அந்தமான் போன? எங்க கம்பெனிக்கே வந்திருக்கலாம்!"

11 மே
கணக்கை மூன்றாம் முறை போட்டேன். அதே கோணல். தப்பு என்னிடம் இல்லை. இல்லவே இல்லையா?

14 மே
கருவியையே ஏன் சந்தேகிக்கவில்லை நான்! நடுக்கத்தின் முதல் அலை, அது நடந்த இடத்தின் திசையிலிருந்துதான் வரவேண்டும். ஜப்பானில் நடந்ததை இந்த நிலையம் சைபீரியாவில் நடந்ததாகக் காட்டுகிறது. பத்து நடுக்கம் பார்த்துவிட்டேன். பத்திலும் அதே முப்பத்தெட்டு டிகிரி பிசகு.

15 மே
கருவியைப் பதித்த பாலகிருஷ்ணன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.
"காம்பஸ் வச்சுத்தான் மேடம் வடக்குக் கோடு போட்டேன்."
"எது மேல வச்சீங்கண்ணே?"
"கருவிக்குன்னு கட்டுன மேடை மேலதான். நல்லா கம்பி கட்டி..." நிறுத்திவிட்டார். "ஐயோ. கம்பி காம்பஸ் முள்ளை இழுத்துடுச்சா?"
பாவம், குரலே இறங்கிவிட்டது. மேடை கெட்டி, அதனால்தான் பதிவு இவ்வளவு சுத்தம் என்றேன். பொய்யில்லை.

16 மே
நான்காவது நிலையத்தின் வடக்கை முப்பத்தெட்டு டிகிரி திருப்பினேன். நான்கு நிலையங்களின் முந்தும் திசைக் கோடுகளும் கடலடி அகழிக்கு இணையாக, ஒரே பக்கம் பார்த்து! புவித்தட்டு புதையும் இடத்துக்கு அடியில் பாறை அகழியின் நீளவாக்கில் நகர்ந்திருக்கிறது. கத்திவிட்டேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள், "பாம்பாடி?" கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

17 மே
பிரவுசிங் சென்டரில் இருந்து எல்லாவற்றையும் அனுப்பினேன். மாலை சாரின் பதில், ஒரே வரி: "நான்கும் இருக்கட்டும்."

9 ஜூன், சென்னை
சார் கருத்தரங்கில் எங்கள் வரைபடத்தைக் காட்டினார். நான்காவது நிலையத்தை எப்படி நம்புவது என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். "அது பூங்கோதை பண்ணது, அவங்களே சொல்லட்டும்" என்று சார் போய் உட்கார்ந்துகொண்டார்.
எழுந்து போனேன். ஜப்பான் நடுக்கத்தின் பதிவிலிருந்து ஆரம்பித்தேன்.