ஏழாவது விதி

மார்ச் 4
மரபணு நிபுணர்கள் நீதிமன்றத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று விதிகள் எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். ஏழாவது விதி என்னுடையது: சம்பவ இடத்து மாதிரியை முதலில் படித்து, முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகே சந்தேக நபருடையதைத் திறக்க வேண்டும். நான் வேலை செய்யும் தடயவியல் ஆய்வுக்கூடமே பாராட்டியது. இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 9
கேட்காவிட்டால் என்ன, இங்கே எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு. பாப்பாவுக்கு ஐந்து மாதம். பால் கட்டி மார்பு கனக்கிறது, நாலு மணிக்குள் கிளம்ப வேண்டும். சம்பவ இடத்தில் கிடைத்த கத்தியின் பிடியில் மூன்று பேரின் மரபணு கலந்து கிடந்தது. கைதான லாரி ஓட்டுநரின் மரபணுத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே படித்தேன். அதில் இருந்ததையெல்லாம் கத்தியிலும் கண்டுபிடித்தேன். கூண்டில் ஏறி, ‘அவருடையதுதான்’ என்றேன். அவருக்குப் பதினான்கு வருடம் சிறை. வேறு சாட்சியே இல்லை.

மார்ச் 16
பெயர், எண்ணை மறைத்து, கத்தியின் தாளை மட்டும் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்தேன்.
“இதுல யாருன்னே சொல்ல முடியாதுடி. எந்தப் புண்ணியவான் இதுக்கு ரிப்போர்ட் கொடுத்தான்?”
“நான்தான்.”
சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

மார்ச் 17
பழைய வழக்குகளுக்கும் இந்த விதி பொருந்த வேண்டும் என்று குழுவில் சொன்னேன். ஆய்வுக்கூட இயக்குநர், “ஏம்மா, நானூறு ஃபைலத் தோண்டி நம்ம கடைய நாமே இழுத்து மூடணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏப்ரலிலிருந்து வரும் வழக்குகளுக்கு மட்டும்தான் அமலாம்.

மார்ச் 18
வீட்டில் இவர்: “வேலை போச்சுன்னா? பாப்பாவ நினைச்சியா?”
அன்றைக்கும் அவளைத்தானே நினைத்தேன்!

ஏப்ரல் 2
ஓட்டுநரின் வக்கீலுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். இவர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஆகஸ்ட் 21
ஓட்டுநரின் மறுவிசாரணை மனு. நான் கூண்டேறி உண்மையைச் சொல்லி இறங்கினேன். அடுத்து இயக்குநர் ஏறினார். “அன்னைய நடைமுறைப்படி அந்த அறிக்கையில குறையே இல்லைங்கய்யா. கெட்டிக்காரப் பொண்ணு. பிரசவத்துக்கு அப்புறம்தான் மனசு கொஞ்சம் சரியில்ல.” பாப்பாவுக்கு நாலு வயதாகப் போகிறது!
மனு தள்ளுபடி.
வராந்தாவில் ஓட்டுநரின் மனைவி வழி மறித்தாள். “அன்னிக்கு நீங்க சொன்னத அப்படியே நம்பினாங்களே. இன்னிக்கு மட்டும் ஏங்க நம்ப மாட்டேங்கிறாங்க?”
 

ஆகஸ்ட் 28
தீர்ப்பு நகல் வந்தது. என் பழைய சாட்சியத்தை அரைப் பக்கம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு வரி: ‘தேர்ந்த நிபுணரின் தெளிவான கருத்து, சந்தேகிக்க இடமில்லை.’