விருந்தாளிப் பட்டியலில் அம்மா

20 செப்டம்பர், சனி

விடிந்ததிலிருந்து மழை. நேற்றுக் காய்ந்த துணி மறுபடி ஈரம். புரட்டாசி விரதம், வீட்டில் வெறும் சாம்பார் வாசம்.

பத்து மணிக்கு அண்ணன் ஜொகூரிலிருந்து வந்தான். கூடவே நான்கு பெட்டிகள்.

கேமரா 1. ஹால் மூலையில், சாமி மேடைக்கு எதிரே.
கதவுப் பூட்டு 1. சாவி கிடையாது, விரல் வைக்க வேண்டும்.
பேசும் பெட்டி 1.
புது வைஃபை மோடம் 1.

“நான் மாட்டவா அண்ணே?”

“நீ போயி தே கலக்குமா. இது வயரிங் வேலை.”

நான் படித்தது மின்னணுத் தொடர்பியல், நான்கு வருடம். எங்கள் பரம்பரையில் முதல் பட்டம். தேநீர் கலக்கினேன்.

“நம்ம தாமான்ல, பின்தெருவுல ரெண்டு வீட்டுல திருடன் பூந்துட்டானாம்மா. இனி நான் அங்கேர்ந்தே பார்த்துக்குவேன்.”

“இங்க வந்து என்னாத்தடா எடுப்பான்? அந்தப் பழைய கிரைண்டரையா?”

அம்மாவின் விரலைப் பூட்டு ஏற்கவில்லை. வலது கை, இடது கை, கட்டைவிரல், ஒன்பது தடவை. முன்பு எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் வெட்டிய கை, இப்போது செங் வட்டாரத் தொழிற்சாலை கேன்டீனில் சட்டி கழுவும் கை. ரேகை தேய்ந்துவிட்டது. அண்ணன் சிரித்தான். “என்னாம்மா, உங்களுக்குக் கையே இல்லன்னுது!” அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுத்தான். அம்மா அதை வாசற்கதவுக்குப் பக்கத்துக் காலண்டரில் பேனாவால் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டார்.

அவன் போன பிறகு என் போனில் செயலியைத் திறந்து பார்த்தேன்.

உரிமையாளர்: பிரபு. (அண்ணன்.)
உறுப்பினர்: அண்ணி. (இந்த வருடம் இங்கே மூன்று முறை வந்தவர்.)
விருந்தாளி 1: அம்மா.
விருந்தாளி 2: கோமதி. (நான்.) அனுமதி நேரம்: காலை 6 முதல் இரவு 10 வரை.

வீட்டுப் பத்திரமான கிராண்டில் இருப்பது அம்மா பெயர். அம்மாவின் பெயர் மட்டும்.

22 செப்டம்பர், திங்கள்

பத்து பெரண்டாம் வட்டாரத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து மின்னஞ்சல். வீட்டுக் கருவிகளுக்கான வைஃபை சில்லு செய்கிறவர்கள். நேர்முகம் அடுத்த திங்கள், 29. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

படிக்க:
– புதுத் தலைமுறை வைஃபை. வேகத்தைவிடத் தாமதம் குறைவதுதான் முக்கியம்.
– வேறு வேறு கம்பெனிக் கருவிகள் ஒரே பொது மொழியில் பேசுவது.
– சின்ன பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடும் உணரிகள்.
– கேமராவே இல்லாமல், வைஃபை அலை கலைவதை வைத்து அறையில் ஆள் இருப்பதைக் கண்டுபிடிப்பது.

கடைசியை எழுதும்போது தலை தானாக மூலைக்குத் திரும்பியது. பச்சை விளக்கு.

பேசும் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. அம்மா அதனிடம், “ஏய்யா, மழை வருமாய்யா?” என்றார். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. “பாவம், ஊருக்குப் புதுசு” என்று அதன் மேல் துணி போட்டு மூடிவிட்டார்.

24 செப்டம்பர், புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நேற்று அம்மா வேலைக்குப் போன பிறகு ஹாலில் நின்று பேசிப் பழகினேன். அலமாரிக் கண்ணாடியைப் பார்த்து, ஆங்கிலத்தில். “குட் மார்னிங், என் பெயர் கோமதி.” நாக்கு தடுமாறினால் முதலிலிருந்து. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். அலமாரிக்குக் கைகூடக் கொடுத்தேன். வீட்டில் யாருமில்லை என்று நினைத்து.

இன்று காலை குடும்பக் குழுவில் அந்த வீடியோ. அண்ணன் போட்டது. மேலே ஒரு வரி: “நம்ம வீட்டு சி.இ.ஓ. அலமாரிகிட்ட வேலை கேக்குது.”

சிரிப்பு முகம், சிரிப்பு முகம், சிரிப்பு முகம். கிளேபாங் சித்தி: “அலாமா! பாப்பா ஆக்டிங் எல்லாம் பண்ணுதே!” அண்ணி: கைதட்டல்.

போன் செய்தேன்.

“அழிச்சிடுங்கண்ணே.”

“சும்மா ஜோக்குலா. குடும்பத்துக்குள்ளதானே.”

“நான் யாருக்கும் காட்டச் சொல்லல.”

“நீ நல்லாத்தான் பேசுன. என்னா, கைய மட்டும் ஆட்டாத.”

பள்ளிக்கூடத்தில் கை தூக்கிப் பதில் சொல்ல எனக்கு எத்தனை வருடம் ஆனது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே செய்தான். இல்லை, யோசிக்காமல் செய்தான். இது இன்னும் மோசம்.

நேர்முகத்துக்குப் போகப்போவதில்லை.

26 செப்டம்பர், வெள்ளி

வெயில், வியர்வை. துணி காய்ந்தது.

இரண்டு நாளாக என் அறையிலேயே சாப்பாடு. ஹாலைக் கடக்கும்போது தலைகுனிந்து நடக்கிறேன், என் சொந்த வீட்டில்.

சாயங்காலம் ஆறரைக்கு அம்மா குளித்து, வாசற்கதவைத் திறந்து வைத்து விளக்கேற்றினார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவு என்றைக்கும் சாத்தியதில்லை. எண்ணெய்க் கிண்ணம் கையில். வாய்க்குள் பாட்டு.

மூலையிலிருந்து அண்ணன் குரல், ஸ்பீக்கரில்: “மா! கதவு ரொம்ப நேரமா திறந்திருக்குன்னு அலாரம் அடிக்குது! சாத்துங்க!”

அம்மா பதறிப்போனார். எண்ணெய் புடவையில், தரையில். சாமியே பேசியதுபோல் மேலே பார்த்தார். பிறகு யாரென்று புரிந்தது.

“வெளக்கு வைக்கிற நேரம்டா தம்பி.”

“வச்சிட்டு சாத்துங்க. சேஃப்டிதான் முக்கியம்.”

அம்மா சாத்தினார்.

அவர் குனிந்து தரை துடைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் அவன்மேல் பாதி, என்மேல் பாதி.

துணியைப் பிழிந்துகொண்டே அம்மா சொன்னார்: “திங்கக்கிழமை அந்த நீலச் சட்டையப் போடு. அயன் பண்ணி வச்சிட்டேன்.”

29 செப்டம்பர், திங்கள்

போனேன். நீலச் சட்டை.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: மலாய் மேலாளர், வயதான சீனர் ஒருவர், தமிழ்ப் பெண் பொறியாளர் ஒருவர். வீட்டுக் கருவிகளில் அடுத்து என்ன வரும் என்று கேட்டார்கள். என் நான்கு குறிப்புகளையும் ஒப்பித்தேன். மூன்றாவதிலேயே அந்த வீடியோவில் கேட்ட மெல்லிய குரல் வந்துவிட்டது. சிரிப்பு முகங்கள் கண்ணில் ஓடின. நான்காவதைச் சொல்லி முடித்து நின்றுவிட்டேன்.

பிறகு வாயில் வந்தது நான் எழுதி வைக்காதது. இந்தக் கருவிகளில் முதலில் போனைக் கையில் வைத்திருப்பவர்தான் உரிமையாளர், வீட்டில் வாழ்கிறவரை யாரும் கேட்பதில்லை என்றேன். என் அம்மா அவருடைய வீட்டிலேயே விருந்தாளி என்றேன். அவருடைய விரலை இந்த மாதிரிப் பூட்டுகள் ஆளாகவே மதிப்பதில்லை என்றேன். நாளைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குளிப்பதுகூட அலையில் தெரியும், அந்தச் செய்தி யார் போனுக்குப் போகும் என்று கேட்டேன். குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை.

சீனர் கேட்டார்: “நீ என்ன மாற்றுவாய்?”

“கருவியிலேயே ஒரு பொத்தான். வீட்டில் இருப்பவர் யாரையும் கேட்காமல் அணைக்க.”

பொறியாளர் ஏதோ எழுதினார். யாரும் சிரிக்கவில்லை. நன்றி, தகவல் சொல்கிறோம்.

வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டேன். பேருந்தில் வரும்போது வருத்தமே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூசை

மதியம் போன். கம்பெனி எண். ஹாலில் எடுக்கப் பயந்து வெளியே ஓடி, சாக்கடை ஓரம் நின்று பேசினேன். வேலை கிடைத்துவிட்டது. சோதனைப் பிரிவு. முன்வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்து, “என்னா பாப்பா, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றார்.

உள்ளே வந்தேன். அம்மா பூசைக்கு அரை நாள் விடுப்பு எடுத்து வந்து சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், பச்சை விளக்கைப் பார்த்தேன், மூடிவிட்டேன். இதையும் அவன் முதலில் கேட்கக் கூடாது. காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்: வேலை கிடைச்சிருச்சு.

அம்மா படித்தார். இரண்டு தரம். கிண்ணத்துடன் எழுந்தார்.

கிரைண்டருக்குப் பொட்டு. தையல் மிஷினுக்கு. கத்திக்கு. என் லேப்டாப்புக்கு. மோடத்துக்கு. பூட்டுக்கு. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கேமராவின் கண்ணில் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம்.

நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். கேமராவின் அடியில் ஊசி முனையளவு மைக் ஓட்டை. அதிலும் சந்தனம். போதாதென்று என்னைப் பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

“இப்ப வாயால சொல்லு.”

சொன்னேன். அழுதேன். அம்மா நாற்காலி மேலேயே நின்று என் தலையில் சந்தனக் கையை வைத்தார்.

பத்து நிமிடத்தில் போன்.

“மா, கேமரா ஏன் மஞ்சளா இருக்கு? சத்தமும் வரல!”

“ஆயுத பூசைப்பா. பொட்டு வச்சிருக்கேன்.”

“அய்யோ, லென்ஸ்லயா? துடைங்கம்மா!”

“பூசைக்கு வச்சத துடைப்பாங்களா? தானா விழட்டும்.”

“கோமதி சொல்லிக் குடுத்துச்சா?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து பால் கத்திக்குப் பொட்டு வச்சவடா நான். எனக்கு ஆளு சொல்லித் தரணுமா?”

சனிக்கிழமை வந்து தானே சுத்தம் செய்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

2 அக்டோபர், வியாழன்

தூறல். சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது, இன்னும் விழவில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் கேட்டேன். “கழட்டிரட்டாம்மா?”

“ஒனக்குத் தெரியுமா?”

“அதத்தாம்மா படிச்சேன்.”

கேமராவைப் பொட்டோடு கழற்றிச் சாமி மேடையில், கத்திக்குப் பக்கத்தில் வைத்தோம். பூட்டின் உள்பக்க மூடியைத் திறந்து, பேட்டரிக்கு அடியில் இருக்கும் பொத்தானை ஹேர்பின்னால் பத்து விநாடி அழுத்தினேன். பீப். எல்லாம் அழிந்தது. செயலி முதலிலிருந்து கேட்டது.

உரிமையாளர் பெயர்? முனியம்மா. அம்மாவின் போனில், அவரே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். புது எண்ணும் அவரே போட்டார், என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு.

உறுப்பினர்? கோமதி.

“அண்ணனையும் சேத்துருடி. மழையில வெளிய நிப்பான்.”

சேர்த்தேன். விருந்தாளி 1: பிரபு. அனுமதி நேரம் கேட்டது. அம்மாவைக் கேட்கவில்லை. சனி, காலை 10 முதல் மாலை 6 வரை.