அக்கா ஊர் மணி

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பாவின் ஆசிகள். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், உன் சுகத்தை நீயே உன் கையால் எழுதி அனுப்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ராத்திரி வேலை முடிந்து வந்ததும் அப்படியே விழுந்து தூங்காதே, வயிற்றுக்கு எதையாவது போட்டுவிட்டுப் படு. நான் ஓட்டுவது அதே ரூட், அதே பஸ், என்னைவிட அதற்குத்தான் இருமல் அதிகம். உன் தங்கை கணக்கில் நல்ல மார்க், வாயில் அதைவிட நல்ல மார்க். உன் ஊர் நேரத்துக்கு வைத்த கடிகாரம் சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பொழுது போகிறது. என்னை நினைத்துக் கவலைப்படாமல் படிப்பை முடி.

அக்கா, கடைசி ஆசியைத் தவிர அப்பா சொன்னது அவ்வளவுதான். இனிமேல் வருவது நான் எழுதுவது. அப்பா தூங்கிவிட்டார், நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து எழுதுகிறேன். அவர் புரண்டு படுத்தால்கூட டார்ச்சை அணைத்துவிடுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. போனில் சொல்ல முடியாது, நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் படித்துப் பார்க்க மாட்டார். ஏன் பார்க்க மாட்டார் என்பதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு மணி நேரம் தாமதமாகக் கூப்பிட்டாய். அன்றைக்கு அப்பா குளித்துக்கொண்டிருந்தார், போனை எடுத்தது நான். குளிர்காலம் வந்துவிட்டது, இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்று நீ சொன்னாய். நேரத்தைப் போய் யாராவது தள்ளுவார்களா என்று எனக்கு ஆச்சரியம், மறுநாள் புவியியல் டீச்சரிடம் கேட்டேன். முன்பெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் உச்சி வெயில் அடிக்கும்போதுதான் பன்னிரண்டு மணியாம், பக்கத்து ஊருக்கே வேறு பன்னிரண்டாம். நடந்து போன காலத்தில் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ரயில் வந்த பிறகு எந்த ஊர் மணிக்கு வண்டி என்று பெரிய குழப்பம் ஆகிவிட்டது. அதனால் பல நாட்டுக்காரர்கள் கூடிப் பேசி, வரைபடத்தில் ஒரு கோட்டைப் பூஜ்யம் என்று வைத்து, உலகத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி இருபத்துநாலாகப் பிரித்து, ஒரு சுளை தாண்டினால் ஒரு மணி நேரம் என்று கணக்குப் பண்ணினார்களாம். அப்புறம் அவரவர் வசதிக்குக் கோட்டை வளைத்துக்கொண்டார்கள், நம்மைப் போலச் சில நாட்டுக்காரர்கள் அரை மணிகூட வைத்திருக்கிறார்களாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஒரே டிப்போவுல ரெண்டு டைம் கீப்பரப் போட்டா வண்டி எப்படிக் கெளம்பும்? கடைசியில சூரியனுக்கே டியூட்டி சார்ட் போட்டுட்டானுங்களா" என்று சிரித்தார். நீ கடிகாரத்தைத் தள்ளிய கதையைச் சொல்வதற்குள் டிப்போவிலிருந்து கூப்பிட ஆள் வந்துவிட்டது. நான் ஸ்டூல் போட்டு ஏறி உன் ஊர் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன், அப்புறம் சொல்ல மறந்தே போனேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் ரேடியோவில் ஏழு மணி செய்தி ஆரம்பித்தது. அப்பா சுவரை நிமிர்ந்து பார்த்து, "அக்காவுக்கு இப்பக் காலையில ஒம்பதரை, காலேஜுக்குப் போயிருப்பா" என்றார். கடிகாரம் எட்டரை காட்டிக்கொண்டிருந்தது. நல்லாப் பாருங்கப்பா என்றேன். "பாத்துட்டுத்தானடி சொல்றேன்" என்றார். அக்கா, அவர் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்தில் தொங்கும் காலண்டரை. உன் ஊர் மணியை அவர் பார்த்துச் சொல்வதே இல்லை, ரேடியோ நேரத்தில் ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எத்தனை நாளாகவோ தெரியவில்லை. கை வலிக்கிறது என்று என்னை எழுதச் சொல்வதும், டீயை விரல் விட்டுப் பார்த்து ஊற்றுவதும் அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் ஸ்கூல் விட்டதும் வேண்டுமென்றே அவர் பஸ்ஸில் ஏறினேன். மார்க்கெட் சிக்னலில் சிவப்பு விழுந்த பிறகும் பஸ் நிற்கவில்லை. கண்டக்டர், "அண்ணே, செவப்புண்ணே" என்று கத்திய பிறகுதான் அப்பா பிரேக் அடித்தார். கோட்டைத் தாண்டிப் போய் நின்றது, கூடையோடு குறுக்கே போன ஒரு அம்மா பஸ்ஸின் மூக்கிலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். "தெரியும்டா, டிரைவர் நீயா நானா" என்று அப்பா சிரித்துச் சமாளித்தார். பஸ் நிறைய ஆட்கள், பாதி என் ஸ்கூல் பிள்ளைகள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி நேராகவே கேட்டேன். அப்பா ரேடியோவை அணைத்தார். அப்புறம் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "ஒங்கக்காகிட்ட மூச்சு விடக் கூடாது, படிப்ப விட்டுட்டு ஓடியாந்துடுவா. லீவு கெடச்சதும் டாக்டர்கிட்டக் காட்டிக்கிறேன், ரோடு எனக்கு மனப்பாடம்" என்றார். நானும் சத்தியம் பண்ணிவிட்டேன். அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. ரோடு மனப்பாடம்தான், ரோட்டில் நடக்கிறவர்கள் மனப்பாடம் இல்லையே அக்கா.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் பஸ் நிற்காது. அதனால் நாளைக்கு இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக டிப்போவுக்குப் போய் டைம் கீப்பரிடம் சொல்லப் போகிறேன். அப்பாவுக்கு மத்தியான டியூட்டிதான், அதற்குள் சொல்லிவிடுவேன். நீ இதைப் படிக்கும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அப்பா வீட்டில்தான் இருப்பார், என்னோடு பேச மாட்டார். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவர் பேசாவிட்டால் எப்படி இருக்கும் என்று இப்போதே பயமாக இருக்கிறது. நீ படிப்பை விட்டுவிட்டு வராதே, அதை மட்டும் அவருக்காக நானும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவைத் திட்டாதே, டாக்டரிடம் போகச் சொல்லு, நீ சொன்னால் கேட்பார். அப்புறம் என்னையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு.

கடைசியாக அப்பா சொன்ன ஆசி, அவர் சொன்னபடியே: நூறு வயசு நல்லா இரு, வாரம் தவறாமல் தலைக்கு எண்ணெய் வை, மங்கலான வெளிச்சத்தில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

கையெழுத்தை மட்டும் என்னைப் போட விடமாட்டார், அப்பன் பேரை அப்பன்தான் போடணும் என்பார். காலையில் பேனாவைக் கையில் கொடுத்து, அவர் விரலைப் பிடித்து இந்த இடத்தில் வைப்பேன். மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமலே போடுவார்.

இப்படிக்கு,
அப்பா