தச்சுமேசை குறித்து ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். இது இன்று வியாழக்கிழமை காலை எட்டு மணி நிலவரம், ஆதாரம் உன் அம்மா. முழங்கால் வலி நேற்றைவிடக் குறைவு என்று அவளே சொன்னாள், கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி ஏறியதை நானும் பார்த்தேன், எனவே உறுதியான செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலம் என்று நேற்று நீ சொன்னதையும் குறித்துக்கொண்டேன், ஆனால் சொல்லும்போதே பல்லால் டேப்பைக் கடித்து அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாய், அந்தச் சத்தம் கேட்டதால் முழுதாக நம்பவில்லை. இனி தலைப்புச் செய்தி. நேற்று மாலை நாலேகால் மணிக்கு, உங்கள் சாமான்களை ஏற்றப்போகிற கப்பல் சரக்கு நிறுவனத்தின் இந்த ஊர்க் கிளையில், மூன்றாவது மேசையில் உட்காரும் கண்ணாடி போட்ட குமாஸ்தா வாயால் சொல்லி, நான் விடாததால் ஒரு தாளில் எழுதி முத்திரையும் குத்திக் கொடுத்தது இது: மாப்பிள்ளையின் தச்சுமேசையை நீங்கள் குடிபோகிற நாட்டுக்குக் கப்பலில் அனுப்பத் தனிக் கூலி எதுவும் கிடையாது. அறுபத்திரண்டாயிரம் என்று பட்டியலில் நீ போட்டதும் தப்பு, பக்கத்தில் பென்சிலால் 'சரி' என்று நான் எழுதியதும் தப்பு. நாற்பது வருஷம் பத்திரிகையில் செய்தி எழுதியவன் கடைசியில் பெற்ற மகளுக்கே திருத்தம் வெளியிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் முக்கால் மணி நேரம் உன் அம்மாவின் காதில் இருக்கிறது, என் கைக்கு வரும்போது நீ "சரிப்பா, வச்சிடவா?" என்கிறாய். ஆகவே கையால் எழுதுகிறேன், அம்மா படம் எடுத்து அனுப்புவாள். எந்த வரியை அவளுடைய கட்டைவிரல் மறைத்திருக்கிறதோ அந்த வரியில் அவளைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறேன் என்று புரிந்துகொள்.

முதலில் உன் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். குடிபெயரும் செலவுக் கணக்கு என்று நீ அனுப்பியது இதுவரை எட்டு தடவை, எட்டையும் தெருமுனைக் கடையில் அச்செடுத்துத் தேதி போட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் நேற்றுக் கேட்டேவிட்டார், "என்ன சார், தினம் ஒரு கட்டு, ஏதாவது கேஸா?" என்று. பொண்ணு குடும்பத்தோட வேற நாட்டுக்குப் போறா, அதோட பட்ஜெட் என்றேன். "இவ்வளவு தாளுக்கு ஆன காசுல அந்த நாட்டுல ஒரு தெருவையே வாங்கிடலாமே சார்" என்றார். எனக்கு உடனே உன் மூன்றாவது பட்டியலில் குடை நான்கு என்று போட்டிருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. மூன்று பேருக்கு நாலு குடை எதற்கு என்று அன்று கேட்டதற்கு, "அது தொலைக்கறதுக்குப்பா" என்றாய். எட்டு வயதில் பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டபோதும் 'எதிர்பாராத செலவு' என்று ஒரு வரி போட்டுத்தான் கேட்டாய், திரும்பி வந்து அந்தக் காசை அப்படியே மேசைமேல் வைத்தாய். என்னம்மா, எதிர்பாராதது ஒன்றும் நடக்கலையா என்றதற்கு, "நடக்கும்னு நான் எதிர்பார்த்தேனே" என்று சொன்ன ஆள் நீ. ஆனாலும் முதல் சம்பள விஷயத்தில் உன்னைப் பிடித்தது நான்தான், அதை மறந்துவிடாதே. முப்பதாம் நாள் சம்பளம் என்று நம்பியிருந்தாய், உன் வேலைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், மாதம் மூன்றாம் தேதிக்குப் பின் சேர்பவர்களுக்கு முதல் மாதச் சம்பளம் இரண்டாம் மாதத்தோடு சேர்த்துத் தரப்படும் என்று பொடி எழுத்தில் இருந்தது. நீ சேர்வது ஐந்தாம் தேதி. அறுபது நாள் கைக்காசு வேண்டும் என்று நான் சொன்ன அன்று மாப்பிள்ளை, "மாமா, நீங்க பார்க்கலைன்னா இரண்டாவது மாசம் குடையைத்தான் வித்துச் சாப்பிட்டிருப்போம்" என்றார். அந்தத் தலைக்கனத்தில்தான் அடுத்த வாரம் சறுக்கினேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஐந்தாவது பட்டியலில் 'தச்சுமேசை, 155 கிலோ, கிலோவுக்கு 400, மொத்தம் 62,000' என்று இருந்தது. ஆறாவதில் அந்த வரியே இல்லை. 'மேசை விற்பனை, வரவு 40,000' என்று ஒரு வரியும், 'அப்பா அம்மா வருகை, டிசம்பர், இரண்டு டிக்கெட், 1,02,000' என்று இன்னொரு வரியும் முளைத்திருந்தன. அறுபத்திரண்டும் நாற்பதும் எவ்வளவு என்று கூட்டிப்பார்க்க எனக்குக் கோப்பு தேவையில்லை. உன்னிடம் கேட்டேன், "அவருக்கே அது வேண்டாமாம்பா, அங்க போய் புதுசா ஒண்ணு செஞ்சுக்குவாராம்" என்றாய். பொய் சொல்லும்போது வாக்கியத்தை 'ஆம்' போட்டு முடிக்கும் பழக்கம் உனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. பிறகு, பெயர் வெளியிட விரும்பாத, வயது ஏழான, முன்பல் இரண்டு விழுந்த வட்டாரம் ஒன்று பாட்டியிடம் சொன்னது: "அப்பா தினமும் மேசைய எண்ணெய் போட்டுத் தொடைக்கிறாரு பாட்டி. விக்கிறதுக்கு எதுக்கு அவ்வளவு நேரம் தொடைக்கணும்?" அதைக் கேட்டதும் உன் அம்மா போனை வைத்துவிட்டாள். அவளாகவே போனை வைத்தது எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை, நாங்கள் வரவேண்டும் என்று அவர் நினைத்தது எங்களுக்கு எவ்வளவு என்று எழுதினால் கடிதம் நீளும். ஆனால் கணக்கைப் பார். உன் விசாவில் அவருக்கும் வேலை செய்ய அனுமதி உண்டு, அனுமதிக் கடிதம் நாலாம் பக்கம். ஐந்தாவது பட்டியலில் அவருடைய வருமானம் மூன்றாம் மாதத்திலிருந்து மாதம் இருபத்தைந்தாயிரம் என்று போட்டிருந்தாய், ஆறாவதில் அது சத்தமில்லாமல் ஏழாம் மாதத்துக்கு நகர்ந்துவிட்டது. நாலு மாதம், ஒரு லட்சம். ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்காக ஒரு லட்சத்தை விட்டிருக்கிறாய் கணக்குப்பிள்ளை! நாற்காலிக்குக் கால் போடுகிற மனிதர், இழுத்தால் வராத இழுப்பறையை வர வைக்கிற மனிதர், புது ஊரில் நாலு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். புதுசாக ஒன்று செய்துகொள்வாராம். அதைச் செய்ய மரத்தை எதன்மேல் வைத்து இழைப்பார், உன் சாப்பாட்டு மேசைமேலா?

அப்போதும் தப்பைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஐந்தாவதையும் ஆறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அம்மா காபித் தம்ளரை வைக்க இடம் தேடி இரண்டையும் நகர்த்தும்போது படித்தாள். "கப்பல்ல போற சாமானுக்கு எதுக்குங்க எடை?" என்றாள். அந்த ஆபீஸ்லதான் சொன்னாங்க, நானும் போன் பண்ணிச் சரிபார்த்தேன் என்றேன். "நீங்க என்ன கேட்டீங்க?" கிலோவுக்கு எவ்வளவுன்னு கேட்டேன். "அவ என்ன கேட்டா?" அவளும் அதைத்தான் கேட்டாள். "அவன் விமானத்துக்குச் சொல்லியிருக்கான். இரண்டு பேரும் ஒரே ஆளை ஒரே கேள்வி கேட்டுட்டு, இரண்டு ஆதாரம் இருக்குன்னு குதிச்சீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முப்பத்தொரு வருஷம் மருத்துவமனை ஸ்டோரில் பெட்டி அடுக்கியவள், லாரி வந்தால் இறங்கும் முன்னாலேயே எந்த மூலையில் எது நிற்கும் என்று சொல்பவள். எந்த எண்ணானாலும் இரண்டு இடத்தில் கேட்காமல் எழுதாதே என்று உன்னை வளர்த்தேனே, அதில் இந்த ஓட்டை இருப்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் பாட்டியும் பேத்தியும் வீடியோவில் மேசையை அளந்துவிட்டார்கள். "ஆறடி பாட்டி... இல்ல இல்ல, நாடா சுருண்டுக்கிச்சு, இருங்க" என்று ஒரு பதினைந்து நிமிடம். பலகை ஆறடிக்கு இரண்டடி, கால்கள் திருகாணியில் நிற்பவை, கழற்றிக் கட்டினால் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கனஅடி என்று அம்மா கணக்குப் போட்டாள். உன் பெட்டிகள் இருபத்திரண்டு, ஒவ்வொன்றும் மூன்று கனஅடி, ஆக அறுபத்தாறு. நேற்று நான் நேரில் போனபோது கண்ணாடிக்காரர், "கப்பலுக்கு இடம்தான் சார் கணக்கு. நாங்க குறைஞ்சது மூணு கனமீட்டர்தான் தருவோம், உங்க பொண்ணு அதுக்கு ஏற்கெனவே பணம் கட்டிட்டாங்க" என்றார். மூன்று கனமீட்டர் என்றால் நூற்றைந்து கனஅடிக்கு மேல். நீ காசு கொடுத்து வாங்கிய இடத்தில் முப்பத்தொன்பது கனஅடியைக் காற்றுக்கு விட்டிருக்கிறாய். அப்புறம் ஏன் சார் போனில் கிலோ கணக்கு சொன்னீர்கள் என்று கேட்டேன், "கிலோவுக்கு எவ்வளவுன்னு கேட்டா கிலோவுக்குத்தானே சார் சொல்ல முடியும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன். மரச்சாமான் என்பதால் பூச்சி மருந்து அடித்துச் சான்றிதழ் வாங்கவேண்டும், அதற்கு மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு.

ஆகவே மேசை விற்கப்படக் கூடாது. வாங்குகிறவர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறார், முன்பணம் வாங்கவில்லை என்று நீதான் சொன்னாய். மாப்பிள்ளையே நாளைக்குள் அவரைக் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்லிவிடட்டும். "வேண்டாம் மாமா, பேசினது பேசினதுதான்" என்று அவர் தொடங்குவார் என்று தெரியும், அதற்கு என் பதில், கப்பல் கூலியை நாங்கள் தப்பாகச் சொன்னதால் எடுத்த முடிவு இது, தப்பு என்னுடையது, மேசையுடையது இல்லை.

இப்போது டிக்கெட். விற்பனைப் பணம் நாற்பதும் மருந்துச் செலவு மூன்றரையும் போக அந்த வரியில் ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு மிஞ்சுகிறது. டிசம்பர் டிக்கெட் ஒன்று ஐம்பத்தொன்று, அதாவது ஒரு ஆளுக்குத்தான் காணும். இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஒரு டிக்கெட்னா அது என்னோடது. நீங்க வேணா போன்ல பேசிக்கங்க, அப்பதான் அது ப்ரீயா இருக்கும்ல" என்றாள். பிறகு மனம் இரங்கி, கூட்டமில்லாத மாதத்தில் விசாரிக்கச் சொன்னாள். பிப்ரவரியில் ஒரு ஆளுக்கு இருபத்தொன்பதாயிரம் வரக்கூடும் என்று பயண ஏஜெண்ட் சொல்கிறார், இரண்டுக்கு ஐம்பத்தெட்டு. இது இப்போதைக்கு ஒருவர் சொன்ன பேச்சு, இன்னொருவரிடமும் கேட்பேன், இந்தத் தடவை கேள்வியை மாற்றிக் கேட்பேன். பிப்ரவரியில் அங்கே மழையும் குளிருமாமே, அந்த நாலாவது குடை தனக்குத்தான் என்று அம்மா இப்போதே எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறாள். இன்னும் ஒன்று, குளிர்கோட்டு இங்கிருந்து வாங்கிச் சுமக்காதே, அங்கே போய் வாங்கு, முதல் வாரத்துக்கு இருப்பதை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ்களையும் பாப்பாவின் தடுப்பூசி அட்டையையும் பெட்டியில் போட்டுவிடாதே, தோள்பையில் வை. பல்லால் டேப் கடிக்காதே, பல் வைத்தியத்துக்கு உன் எட்டாவது பட்டியலில் வரியே இல்லை.

போகிற இடத்தில் மூன்று பேருக்கும் உடம்பும் மனமும் திடமாக இருக்கட்டும், வேலை கைகூடி வரட்டும், பாப்பாவுக்கு விழுந்த பல் முளைக்கும் முன்னால் நல்ல சிநேகிதி ஒருத்தி கிடைக்கட்டும். எங்கள் இருவருடைய மனம் நிறைந்த ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு. கழற்றிய திருகாணிகளை ஒரு உறையில் போட்டு, அந்த உறையைப் பலகையிலேயே ஒட்டச் சொல், தனியாக வைத்தால் நீ அதற்கும் ஒரு பட்டியல் போடுவாய்.

இன்னும் தெரியவேண்டியவை: பூச்சி மருந்துச் சான்றிதழ், புதன்கிழமை, பெட்டிகளோடு மேசையும் திங்கட்கிழமை கப்பல் நிறுவனத்தின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தால். பிப்ரவரி டிக்கெட் விலை, இருபதாம் தேதி. மாப்பிள்ளையின் முடிவு, நாளைக்குள். அதை உன்னிடம் கேட்கப்போவதில்லை, நீ 'ஆம்' போட்டு முடிப்பாய். நாளை சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் நேரில் பார்த்துச் சொல்வதாக நம் வட்டாரம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மேசை நின்றுகொண்டிருந்தால் விற்பனை, கால் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தால் பயணம். ஐந்து மணியிலிருந்து இங்கே இரண்டு பேர் போன் பக்கத்திலேயே இருப்போம்.

அன்புடன்,
உன் அப்பா
(படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் கணக்கைத் திருத்தியது: அம்மா)