சட்டையைக் கழட்டச் சொன்னார்கள்

குட்டிம்மா,

நீயும் வயிற்றுக்குள் உதைக்கிறவரும் சுகம்தானே? உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். ஆனாலும் காலையில் நடந்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

பக்கத்து அறைக்காரியின் குறைமாதக் குழந்தையைச் சுத்தமாக இருக்கட்டுமென்று எல்லோரும் சேர்ந்து குளிப்பாட்டினோம். சற்று நேரத்தில் அது அழாமல் ஜில்லிட்டுப்போனது. தாய்க்குக் குளிர்காய்ச்சல், தகப்பன் வேலைக்குப் போயிருந்தான். வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்க வரும் சுகாதார அக்கா ஓடிவந்து அதன் பாதத்தைத் தொட்டார். என் பக்கம் திரும்பினார்.

"சட்டையக் கழட்டுங்க."

"அக்கா, நான் பேக்கரில ரொட்டி சுடுறவன்."

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்கதான் அடுப்பு."

குழந்தையைத் துடைத்து, என் வெறும் மார்பில் வைத்துத் துணியால் கட்டினார். ஒரு ரொட்டிக் கனம்கூட இல்லை. மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அது சிணுங்கியது. பிழைத்துவிட்டது.

பிறந்ததும் குளிப்பாட்ட வேண்டாமென்று உன் அம்மாவிடம் சொல். எனக்கு லீவு இல்லை. பிள்ளை ஜில்லிட்டு, உனக்கும் முடியாமல் இருந்தால் என் அப்பாவைச் சட்டையைக் கழட்டச் சொல், கூச்சப்பட்டால் நான் சொன்னதாகச் சொல்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிடாதே, இந்த மார்பில் அதற்கு முன்னால் வேறொரு பிள்ளை தூங்கிவிட்டது.

உன்னவன்