எந்த ஸ்டெபிலைசர்

என் செல்லப் பேரனுக்கு, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாட்டி எழுதுவது.

நீ அனுப்பிய ஃப்ரிட்ஜ் சத்தமே போடுவதில்லை. திறந்து பார்த்தால்தான் உயிரோடு இருப்பது தெரிகிறது. உன் அம்மா உள்ளே பால் இருப்பதை மறந்து மறுபடியும் வாங்கி வருகிறாள். அப்பாவின் கால் கட்டை இன்னும் பிரிக்கவில்லை. வலி குறைந்துவிட்டது, கோபம்தான் குறையவில்லை.

நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா தூங்குகிறான் என்று சொன்னேனே, அது பொய். பக்கத்து நாற்காலியில் முழித்துக்கொண்டுதான் இருப்பான். உன்னோடு பேச மாட்டேன் என்கிறான். காரணம் நான்.

ஃப்ரிட்ஜ் வந்த அன்று போனில் அப்பாவின் வண்டியைப் பற்றி விசாரித்தாய். அதே மூச்சில், அந்த ஸ்டெபிலைசரைக் கழட்டிடுங்க பாட்டி, இனிமே அது வேண்டாம் என்றாய். ஃப்ரிட்ஜுக்காகச் சுவரில் மாட்டியிருப்பதை நான் எந்நாளும் கரண்டுப் பெட்டி என்றுதான் சொல்வேன். ஸ்டெபிலைசர் என்றால் எனக்கு வண்டிப் பட்டறைக்காரர் சொன்னதுதான்.

அப்பாவுக்கு வண்டி ஓட்டினால் விரல் மரத்துப்போகும். என்ஜினையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிற சின்னத் தண்டாம் அந்த ஸ்டெபிலைசர். ரப்பர் தேய்ந்ததால் நடுக்கம் கைப்பிடிக்கு வருகிறதாம். புது ரப்பர் போடணும், கழட்டினா கைக்குச் சுகம்தான், ஆனா வளைவுல வண்டி இடுப்பை ஆட்டும்மா என்று பட்டறைக்காரர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். நான் விட்டேனா. என் பேரன் இன்ஜினியர், அவனே கழட்டச் சொல்லிட்டான், அவன் படிச்சதை நீ படிச்சியா என்று கேட்டேன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று உன் அப்பாவும் சொன்னான்.

கழட்டிய பிறகு ஒரு வாரம் விரல் மரத்துப்போகவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு உன்னைப் புகழ்ந்தான். அப்புறம்தான் அந்தச் சந்தை வளைவில் விழுந்தான். பெத்தவன் உயிரோட விளையாடறது என்ன படிப்பு என்று இப்போது கேட்கிறான்.

நேற்று மின்விசிறி பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஃப்ரிட்ஜ் பக்கம் கைகாட்டி, இந்த ஸ்டெபிலைசரை இன்னும் கழட்டலையா, இதுக்குத் தேவையே இல்லையே என்றான். நீ கழட்டச் சொன்னது இந்தக் கரண்டுப் பெட்டியை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடனே சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவிடம் போனேன். என்னம்மா என்றான். கால் வலிக்குதாடா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தெருவெல்லாம் உன் பெருமை பேசின வாய், இதற்குத் திறக்க மாட்டேன் என்கிறது.

பட்டறைக்காரர் புது ரப்பர் போட்டுத் தண்டை மறுபடி மாட்டிவிட்டார். ரப்பர் காசை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

உன் முகவரியை இங்கிலீஷில் எழுத அப்பாவிடம்தான் கொடுக்க வேண்டும். என் ஐந்தாம் வகுப்பு அவ்வளவு தூரம் வராது. எப்போதும் உறையை ஒட்டித்தான் கொடுப்பேன். இன்று ஒட்டவில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், சாமி. அடுத்த தடவை கூப்பிடும்போது என்னைக் கேட்காதே. அப்பா முழிச்சிருக்காரா என்று கேள்.

உன்
பாட்டி