காப்புறுதிக்கு முந்திய பூசை

மனோர் பார்க்,
லண்டன்.
14.10.2004

அன்புத் தங்கை சுலோச்சனாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகமென்று எழுத ஒன்றுமில்லை. ஊருக்கு வரும் என் சிநேகிதி டொலறஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தொலைபேசியில் பேசும் விஷயமல்ல. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் அத்தானுக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராதாம். முன் அறையில் கட்டில் போட்டிருக்கிறோம். குளியலறை மாடியில். கீழே ஒன்று கட்டித்தரவென்று நகரசபைக் கவுன்சில்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். நான் வேலையை விட்டுவிட்டேன். அவரைத் தூக்கித் தூக்கி என் முதுகும் போய்விட்டது.

நடந்ததை உன் மகன் யனுஷன் எப்படிச் சொன்னானோ தெரியாது. அவன் கார் வாங்கியதும், முதலில் முருகனுக்கு முன்னால் நிறுத்திப் பூசை செய், பிறகு காப்புறுதி எடு என்று சொன்னவர் உன் அத்தான்தான். பூசைக்கு முன் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைப்பது அவருக்குப் பிடிக்காது. பூசை முடிந்து அத்தானையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, வேகத்தைக் காட்டுகிறேன் என்று யனுஷன் ஓட்டி, நின்றுகொண்டிருந்த லொறியில் போய் அடித்தான். இன்றுவரை நான் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை.

காப்புறுதி இல்லாத காரில் அடிபட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க இங்கே ஒரு நிறுவனம் இருக்கிறது. ஆனால் இல்லையென்று தெரிந்தே ஏறியவருக்கு ஒரு சதமும் கிடையாது என்கிறார் சட்டத்தரணி கோபாலகிருஷ்ணன். அத்தானுக்குத் தெரியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் நிறுவனத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள். அத்தான் நான் சொல்லிக்கொடுத்தபடி சொல்லுவார். மிச்சம் உன் மகன்தான்.

நேற்று வந்தவன் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். பெரியப்பாவுக்குத் தெரியும் எண்டுதான் சொல்லுவன் பெரியம்மா, பொய் சொல்ல ஏலாது என்றான். பொய்யாம்! எங்களுக்குக் கொடுக்கும் காசை நிறுவனம் பிறகு அவனிடம் கேட்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் ஐயா சத்தியவானாகிவிட்டார்.

சுலோ, இந்த நாட்டில் வந்து இறங்கியபோது அவனுக்கு இருபது வயது. பதினெட்டுக்குக் கீழென்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று, பதினாறு என்று சொல்லச் சொன்னவள் நான். ஓம் பெரியம்மா, ஓம் பெரியம்மா என்று அப்படியே சொன்னான். அப்போது ஏலுமாக இருந்தது. அவனுடைய விசா வழக்கு இன்னும் முடியவில்லை. இதுவரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் நானும் சேர்ந்துதான் மாட்டுவேன். முன்பு அதற்குப் பயந்தேன். இப்போது அவ்வளவாகப் பயமில்லை.

உன் சின்னவள் பாமாவுக்குச் சப்பாத்து அனுப்பியிருக்கிறேன். அளவு பெரிதென்றால் வைத்திரு, வளர்கிற பிள்ளைதானே.

நீ பெற்றவள், நீ சொன்னால் யனுஷன் கேட்பான். அவன் இந்த நாட்டிலேயே நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் தினமும் முருகனிடம் கேட்கிறேன். நீ அவனிடம் கேள்.

என்றும் உன் அக்கா,
செல்வமலர்